சும்மா விட்ட நிலம்

இயற்கையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களைக் கையில் எடுக்கும்போது எனக்குச் சற்றுப் பயமாகவே இருக்கும். முதல் பத்துப் பக்கங்களில் ஆசிரியர் சூரியோதயம் பார்த்துவிடுவார். அடுத்த பத்துப் பக்கங்களில் மனித குலத்தைக் கோபித்துக்கொள்வார். அதற்கப்புறம் புத்தகத்தில் பறவையும் இராது, மனிதனும் இரான். கவலை மட்டும் இருக்கும். கவலைப்பட வேண்டிய விஷயந்தான், ஆட்சேபமில்லை. ஆனால் கவலையே இலக்கியமாகிவிடுவதில்லை.

இஸபெல்லா ட்ரீ என்ற ஆங்கில ஆசிரியை எழுதி 2018ல் வெளிவந்த 'வைல்டிங்' என்ற புத்தகத்தையும் இந்தப் பயத்தோடுதான் ஆரம்பித்தேன். இரண்டு முறை படித்தாகிவிட்டது. முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை, இந்தக் கதையில் எனக்கு உறுத்தியது என்ன என்று கண்டுபிடிப்பதற்காக. இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கதை இதுதான். இங்கிலாந்தின் தெற்கே மேற்கு ஸஸெக்ஸில் நெப் என்று ஒரு பண்ணை. 3,500 ஏக்கர். இருநூறு வருஷங்களுக்கு மேலாக பர்ரல் என்ற ஒரே குடும்பத்தின் கையில் இருந்து வருவது. நடுவில் ஜான் நாஷ் என்ற பெயர்பெற்ற சிற்பி கட்டிய மாளிகை. 1987ல் அது சார்லி பர்ரல் என்ற இளைஞர் கைக்கு வருகிறது. இருபது வயதைத் தாண்டிச் சில வருஷங்களே ஆனவர்; விவசாயக் கல்லூரியில் படித்தவர்; உற்சாகத்துக்குக் குறைவில்லை. அவருடைய மனைவிதான் நம் ஆசிரியை. தம்பதிகள் நவீன விவசாயம் செய்து பார்க்கிறார்கள். பெரிய யந்திரங்கள், அதிக உரம், உயர்ந்த ஜாதிக் கறவை மாடுகள், கடைசியில் ஐஸ்கிரீம் வியாபாரம்கூட. கடன் ஏறுகிறதே ஒழிய இறங்குகிற வழியாக இல்லை.

காரணம் மண். களிமண். கோடையில் பிளந்து கிடக்கும். குளிர்காலத்தில் வண்டிச் சக்கரத்தை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. ஸஸெக்ஸ் வட்டாரப் பேச்சில் சேற்றுக்கு மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட வார்த்தைகள் இருந்தன என்கிறார் ஆசிரியை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. நமக்கும் சேறு, சகதி, தொளி, உளை, அளறு என்று இல்லாமலில்லை. ஆனாலும் முப்பது வார்த்தை வேண்டியிருந்த ஜனங்கள் அந்தச் சேற்றில் எத்தனை தலைமுறை கால் புதைந்திருக்க வேண்டும்! அந்த மண்ணோடு போராடித் தோற்றதைப் பக்கம் பக்கமாகக் கணக்குக் காட்டுவதைவிட அந்த ஒரு வரித் தகவல் நன்றாகச் சொல்லிவிடுகிறது.

2000ல் சார்லி விவசாயத்தை நிறுத்திவிடுகிறார். மாடுகளையும் யந்திரங்களையும் விற்றுக் கடனை அடைக்கிறார்கள். அப்புறம் என்ன செய்வது?

அதற்கு ஒரு வருஷம் முன்பு நடந்த ஒரு சம்பவத்தில் பதில் இருக்கிறது. நாவலாசிரியன் என்ற முறையில் நான் பொறாமைப்பட்ட இடம் அது. நெப்பில் சுமார் 550 வருஷத்து ஓக் மரம் ஒன்று உண்டு. அதன் உடல்நிலையைப் பார்த்துச் சொல்ல, பழைய மரங்களைப் பற்றி அறிந்தவரான டெட் கிரீன் என்பவரை வரவழைக்கிறார்கள். அவர் அந்தக் கிழட்டு மரத்தைப் பார்க்கிறார். அதற்கு ஒன்றும் பயமில்லை என்கிறார். பிறகு திரும்பி, பூங்காவில் உழுத நிலத்தின் நடுவே நிற்கும் மற்ற ஓக் மரங்களைப் பார்க்கிறார். அவை வயதில் மிகச் சிறியவை. சாகிறவை அவைதாம். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகளை வருஷா வருஷம் கலப்பை அறுத்துப் போட்டிருக்கிறது. உரமும் மருந்தும் மீதியை முடித்திருக்கின்றன. வீட்டு ஜன்னலிலிருந்து தினமும் பார்த்த மரங்கள்! வைத்தியர் பாட்டியைப் பார்க்க வந்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பேரனின் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட மாதிரி இருக்கிறது. இதை ஆசிரியை அலட்டிக்கொள்ளாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறார்.

அந்தப் பூங்காவை மீட்க ஆரம்பித்தது மெல்ல மெல்லப் பண்ணை முழுவதற்கும் பரவுகிறது. உழுவதில்லை, விதைப்பதில்லை, மருந்தடிப்பதில்லை. உள்வேலிகளைப் பிடுங்கிவிட்டு எல்லையில் மட்டும் வேலி போடுகிறார்கள். அரசாங்க மானியமும் கிடைக்கிறது. மான்கள், லாங்ஹார்ன் என்ற நீண்ட கொம்பு மாடுகள், எக்ஸ்மூர் மட்டக் குதிரைகள், டாம்வொர்த் பன்றிகள் ஆகியவற்றை உள்ளே விட்டு, தீனி வைக்காமல், தொழுவம் கட்டாமல், அவை போகிற போக்கில் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்று சற்று நேரம் யோசித்தேன். 'காடாக்கல்' என்றால் சரியில்லை. அவர்கள் ஒரு மரங்கூட நடவில்லை. 'தரிசு போடுதல்' என்றுதான் விவசாயி சொல்வான். அதில் வசவு இருக்கிறது. 'சும்மா விடுதல்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சும்மா இருப்பது எத்தனை கஷ்டமான காரியம் என்பதை நம் சித்தர்களைக் கேட்டால் சொல்வார்கள். சார்லி பர்ரலும் சொல்வார். களையைப் பிடுங்காமல் இருக்க வேண்டும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வாய்க்கால் வெட்டாமல் இருக்க வேண்டும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுடைய கை அரிக்காதா? அந்த அரிப்பைப் புத்தகம் முழுக்க உணர முடிகிறது. செயலே இல்லாமல் கதை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இந்த அம்மாள் அதைச் சாமர்த்தியமாகவே நடத்தியிருக்கிறார்.

கதாபாத்திரங்களில் எனக்குப் பிடித்தவை பன்றிகள். அவிழ்த்து விட்ட உடனே அவை என்ன செய்தன தெரியுமா? மாளிகைக்கு வரும் சாலையின் இரு ஓரங்களிலும் அழகாக வெட்டி வைத்திருந்த புல்லைக் கோடு போட்டாற்போல் உழுது தள்ளிவிட்டன. வீட்டுக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். யோசித்துப் பார்த்தால் பன்றிகளின் கணக்குச் சரியாக இருக்கிறது. பண்ணையில் கலப்பையே படாத மண் அந்த ஓரங்களில்தான் இருந்தது. புழுவும் வண்டும் அங்கேதான் மிஞ்சியிருந்தன. ஐம்பது அறுபது வருஷத்து விவசாயத்தின் சரித்திரத்தை மூக்காலேயே படித்துவிட்ட பிராணிகள்! இப்படிப்பட்ட இடங்களில் ஆசிரியைக்கு நகைச்சுவையும் நன்றாக வருகிறது. தன் வீட்டுப் புல்தரை போனதைப் பற்றித் தானே சிரிக்கத் தெரிந்தவரிடம் வாசகனுக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. அதைத் தந்தவர் பிரான்ஸ் வேரா என்ற டச்சு அறிஞர். மனிதன் கை வைக்கும் முன் ஐரோப்பா முழுவதும் வெயில் நுழையாத அடர்ந்த காடாகவே இருந்தது என்று பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. வேரா கேட்ட கேள்வி எளிமையானது. ஓக் மரத்துக்கு வெளிச்சம் வேண்டும். நிழலில் அது வளராது. அப்படியானால் அடர்ந்த காட்டில் அத்தனை ஓக் எப்படி முளைத்தது? மேய்கிற பெரிய மிருகங்கள் காட்டைத் திறந்து வைத்திருந்தன என்பது அவருடைய பதில். ஜே என்ற பறவை ஓக் விதைகளைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்து வைக்கும், மறந்துபோனவை முளைக்கும். முட்புதர் சுற்றிலும் வளர்ந்து, மாடும் மானும் கன்றைக் கடிக்காதபடி காத்துக்கொடுக்கும். மரம் பெரிதாகி நிழல் விழுந்ததும் முட்புதர் செத்துப்போகும். பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிக் கொளுத்திய அந்த முட்புதருக்குத்தான் செவிலித்தாய் வேலை என்கிறது இந்தச் சித்தாந்தம். வேராவை மறுக்கிற அறிஞர்களும் உண்டு. அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு சித்தாந்தம் புத்தகத்தில் பேச்சாக நில்லாமல் ஒரு செடியின் வாழ்க்கையாக வருவது எனக்குப் பிடித்திருந்தது.

புத்தகத்தின் ஜீவன் வேறோர் இடத்தில் இருக்கிறது. பர்ப்பிள் எம்பரர் என்று ஒரு பட்டாம்பூச்சி. இறகில் ஊதா நிறம் மின்னுவது, அங்கே அபூர்வம். அது பெரிய காடுகளில் வாழும் பூச்சி என்றுதான் நிபுணர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நெப்பில் காடு கிடையாது. ஆனால் உழாமல் விட்ட ஈரக் களிமண்ணில் சாலோ என்ற வில்லோ இனத்துப் புதர்ச்செடி தானாக முளைத்துப் பரவியது. அந்த இலையைத்தான் இந்தப் பட்டாம்பூச்சியின் புழு தின்னும். சில வருஷங்களில் பிரிட்டனிலேயே அதிகமாக அந்தப் பட்டாம்பூச்சி இருக்கிற இடம் நெப் என்றாகிவிட்டது. நைட்டிங்கேல் விஷயமும் அப்படியே. மரக்காட்டுப் பறவை என்று பேர் வாங்கிய அது, இங்கே வெட்டாமல் விட்ட வேலிகளிலிருந்து வயலுக்குள் புகுந்த முட்புதர்களில் வந்து கூடு கட்டிற்று. பிரிட்டன் முழுவதும் 1970களிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்ட டர்ட்டில் டவ் என்ற புறாவும் வந்தது.

இதில் ஆசிரியை பிடிக்கிற நூல் நுட்பமானது. நிபுணர்கள் பொய் சொல்லவில்லை. பறவை எங்கே இருந்ததோ அங்கே பார்த்து எழுதினார்கள். ஆனால் அது ஏற்கெனவே துரத்தப்பட்டு, வேறு போக்கிடமில்லாமல் ஒதுங்கிய இடம். அகதி முகாமில் ஒரு ஜனக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு, 'இவர்களுக்குக் கூடாரத்தில் வாழ்வதுதான் பிடிக்கும்' என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் கண்ட உலகத்தையே முழு உலகமென்று எண்ணிக்கொள்கிறது. தாத்தா கண்டது அதைவிடப் பணக்கார உலகம் என்பது அதற்குத் தெரிவதில்லை. சுதேசி மிருகங்களையும் பறவைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். எந்த இடத்தைக் காப்பாற்றினால் அவை பிழைக்கும் என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியுமா என்ற சந்தேகத்தை இந்தப் பக்கங்கள் கிளப்பிவிடுகின்றன. எழுதுகிறவனாக எனக்கு இது உபயோகமான சந்தேகம்.

கதையில் மிகவும் விறுவிறுப்பான பகுதி முட்செடியைப் பற்றியது. திஸில் என்ற களை ஏக்கர் ஏக்கராகப் பரவுகிறது. அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு ஆத்திரம். பஞ்சு விதை பறந்து அவர்கள் நிலத்தில் விழாதா? மாட்டுக்கும் குதிரைக்கும் விஷமான ராக்வர்ட் செடி மஞ்சள் மஞ்சளாகப் பூப்பதைப் பார்த்துக் கடிதங்கள் வருகின்றன. கணவன் மனைவிக்கே பயம் தட்டிவிடுகிறது. மருந்தடித்துவிடலாமா என்று ஒரு சபலம். அந்தச் சமயத்தில், 2009 மே மாதக் கடைசியில், ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து பெயிண்டெட் லேடி என்ற பட்டாம்பூச்சிகள் லக்ஷக்கணக்கில் பிரிட்டனுக்கு வருகின்றன. திஸில் செடிதான் அவற்றின் புழுக்களுக்கு ஆகாரம். முட்டையிட்டுப் புழுக்கள் பொரித்து, செடிகளை நரம்பு மட்டும் விட்டுத் தின்று தீர்க்கின்றன. மறுவருஷம் முட்செடிக் காடு இருந்த இடம் தெரியவில்லை. நாவலில் இப்படி ஒரு முடிவு எழுதினால் விமர்சகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 'கடவுளை யந்திரத்தில் இறக்கிவிட்டான்' என்பார்கள். நிஜத்துக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

அக்கம்பக்கத்தார் கடிதம் எழுதினார்கள் என்றேனே, அவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. ஆசிரியைக்கும் ஓரளவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உணவுக்குப் பஞ்சம் வந்து, கிடைத்த இடத்தையெல்லாம் உழுது பயிரிட்ட தலைமுறை அது. நெப் பூங்காவையே அப்போது உழுதார்கள். புதரை வெட்டி, சதுப்பை வடித்து, ஒவ்வோர் அங்குலமாக விளைநிலமாக்கியதில் ஒரு தேசபக்தி இருந்தது. அந்த நிலத்தை முள் மண்ட விடுவதைக் கண்டு அந்தக் கிழவர்கள் மனம் புண்படுவதில் ஆச்சரியமென்ன? ரேஷன் கடை வரிசையில் நின்ற வாசகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சோறு சம்பந்தப்பட்ட கோபத்தை அவர்களால் புரிந்துகொள்ள முடியும். ஆசிரியை இதற்குப் பதிலாக, உலகில் விளைகிற உணவில் பெரும்பகுதி வீணாகிறது, இந்தக் களிமண்ணில் விளைவிப்பது நஷ்டத்துக்கு மானியம் வாங்கிச் செய்த காரியம் என்று வாதம் அடுக்குகிறார். வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் கிழவருடைய துக்கத்துக்கு அது பதிலாகாது. துக்கத்துக்கு எதிரே புள்ளிவிவரத்தை நிறுத்துவது வக்கீல் வேலை.

புள்ளிவிவரம் இந்தப் புத்தகத்துக்கு உள்ள வியாதி. நடுப்பகுதியில் மண்ணைப் பற்றி ஓர் அத்தியாயம், வெள்ளத்தைப் பற்றி ஓர் அத்தியாயம், ஐரோப்பிய விவசாயக் கொள்கை, மாட்டிறைச்சியின் சத்து என்று கதை நின்று, பிரசங்கம் நடக்கிறது. வண்டுகள், வௌவால்கள், காளான்கள் என்று பட்டியல்கள் வேறு. பட்டியல் நமக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே அந்தப் பூக்களைப் பறித்துக் குவிக்கும் பெண்களின் உற்சாகம் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இங்கே பட்டியலை யாரும் தூக்கவில்லை, கீழே கிடக்கிறது. நம்மவரான மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை, 1950லிருந்து 1996ல் காலமாகும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வந்தவர். அந்நியச் செடிகளைக் கொண்டுவந்து நடுவது அவருக்குப் பிடிக்காது. அதைச் சொல்லும்போதும் அவர் ஒரு பறவையை, ஒரு மரத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

இனி உறுத்தலுக்கு வருகிறேன்.

நெப்பில் ஓநாய் கிடையாது. மாடும் மானும் பன்றியும் பெருகிக்கொண்டே போகும். வேலியைத் தாண்டிப் போக வழியில்லை. ஆகவே வருஷா வருஷம் ஒரு பகுதியைக் கொன்று இறைச்சியாக விற்கிறார்கள். பண்ணைக்கு வருமானம் வருகிற வழிகளில் அது ஒன்று. கூடாரத்தில் தங்கி மிருகங்களைப் பார்க்க வருகிறவர்கள் தரும் பணம் மற்றொன்று. இதில் ஒளிவு மறைவு இல்லை. கொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆசிரியை சொல்கிறார். வேராவின் சித்தாந்தம் முதலில் சோதிக்கப்பட்டது ஹாலந்தில், கடலிலிருந்து மீட்ட ஓஸ்ட்வார்டர்ஸ்ப்ளாஸன் என்ற சதுப்பு நிலத்தில். அங்கேயும் வேலி உண்டு. 2017-18 குளிர்காலத்தில் தீனியில்லாமல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மிருகங்கள் மாண்டன. பெரும்பாலானவை பட்டினியில் துடிப்பதற்கு முன் சுடப்பட்டவை. ஜனங்கள் கொதித்தெழுந்து வேலிக்கு மேலாக வைக்கோலை வீசினார்கள். ஆகவே நெப்பில் துப்பாக்கி ஓநாயின் வேலையைச் செய்கிறது. நியாயந்தான்.

ஆனால் இந்த அம்மாள் இதை நிர்வாக விஷயமாகவே சொல்லிவிட்டுப் போகிறார். பன்றிக்குட்டிகளைப் பற்றி அத்தனை பிரியமாக எழுதியவர், அவற்றுள் எது சாக வேண்டும் என்று ஒருவர் தீர்மானிக்கும் காலை நேரத்தை எழுதவில்லை. 'நிலத்தை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டோம்' என்று சொல்லும் கை, இத்தனை உயிர் போதும் என்று கணக்கும் போடுகிறது. சும்மா இருப்பவனுடைய கையில் துப்பாக்கி இருக்கிறது. ஒரு நாவலாசிரியன் கதையை இங்கேதான் ஆரம்பிப்பான். அதே போல, பண்ணையை மூடியபோது வேலை போனவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வருத்தத்தோடு சொல்லப்பட்டுப் பிறகு கதையைவிட்டே போய்விடுகிறார்கள். பட்டாம்பூச்சிகள் திரும்பி வந்தன. அவர்கள் வந்தார்களா?

இந்த இடத்தில் இன்னொரு புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. ஆல்டோ லியோபோல்டு என்ற அமெரிக்கர் எழுதிய 'எ ஸாண்ட் கவுன்டி ஆல்மனாக்'. 1949ல் வெளிவந்தது. லியோபோல்டு வனத்துறையில் வேலை பார்த்து, பிறகு விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். 1935ல் விஸ்கான்ஸின் ஆற்றங்கரையில் மண் செத்துப்போன ஒரு பண்ணையை மலிவாக வாங்கினார். வீடு எரிந்துபோயிருந்தது, மிச்சமிருந்தது கோழிக் கொட்டகை ஒன்றுதான். அதில் எருவை வாரிக் கொட்டிவிட்டு, மனைவியும் ஐந்து குழந்தைகளுமாக வாரக் கடைசிகளில் போய்த் தங்கிக்கொண்டு, பல்லாயிரம் பைன் கன்றுகளை நட்டார்கள். முதல் வருஷங்களில் பெரும்பாலானவை வறட்சியில் கருகின, திரும்பவும் நட்டார்கள். புத்தகத்தைப் பிரசுரிக்கச் சம்மதம் வந்த ஒரு வாரத்தில், 1948 ஏப்ரல் 21ந் தேதி, பக்கத்துப் பண்ணையில் பிடித்த புல் நெருப்பை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார்.

இது சின்னப் புத்தகம். மின்னல் தாக்கிச் செத்த ஓர் ஓக் மரத்தை ரம்பத்தால் அறுப்பதைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ரம்பம் ஒவ்வொரு வளையமாக உள்ளே போகப் போக, வருஷங்கள் பின்னோக்கிப் போகின்றன; எந்த வருஷத்தில் எந்தப் பறவை போயிற்று, எந்தக் காடு வெட்டப்பட்டது என்று எண்பது வருஷச் சரித்திரம் மரத்தூளாக வந்து விழுகிறது. இயற்கை எழுத்தில் இதைவிட நல்ல அத்தியாயம் நான் படித்ததில்லை. இன்னோர் இடத்தில் கிராமத்து இடுகாட்டின் மூலையில் ஸில்பியம் என்ற செடி வருகிறது. அந்த வட்டாரத்துப் பழைய புல்வெளியில் எங்கும் இருந்தது; கலப்பை போகாத அந்த மூலையில் மட்டும் பிழைத்திருக்கிறது. ஒரு நாள் ரஸ்தா போடுகிறவர்கள் வேலியை எடுத்துவிட்டு அதையும் வெட்டிவிடுகிறார்கள். ஒரு செடியைத் தன் நிலத்துக்குக் கொண்டுபோக லியோபோல்டு தோண்டிப் பார்க்கிறார். வெயிலில் நெடுநேரம் தோண்டியும் கிழங்கு போன்ற வேர் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் விதையைப் போட்டுக் காத்திருக்கிறார். ஐந்து வருஷமாகியும் அது பூக்கவில்லை. காப்பாற்றுவது என்ற காரியத்தின் அளவு என்ன என்பது அந்த வேரில் தெரிந்துவிடுகிறது.

கொல்வதைப் பற்றி அவர் எழுதியதும் உண்டு. வாலிபத்தில், ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பி, அரிஜோனா மலையில் குட்டிகளோடு வந்த ஒரு தாய் ஓநாயைச் சுட்டதையும், அதன் கண்ணில் ஒளி அணைவதை அருகில் போய்ப் பார்த்ததையும் பல வருஷம் கழித்து எழுதினார். பிறகு மான்கள் பெருகி மலையை மொட்டையடித்துப் பட்டினியில் செத்த கதையையும் சொன்னார். நெப் புத்தகத்தில் நான் தேடிக் கிடைக்காத காலை நேரம் இங்கே இருக்கிறது. எழுத்துத் திறமையில் ஆசிரியை குறைந்தவர் அல்ல. முன்பு பாப்புவா நியூ கினியைப் பற்றியும் மெக்ஸிகோவைப் பற்றியும் நேபாளத்துக் குமாரி தெய்வத்தைப் பற்றியும் நல்ல பிரயாண நூல்கள் எழுதியவர். ஆனால் சொந்த வீட்டில் யாத்திரிகராக இருப்பது கஷ்டம். அந்நிய நாட்டில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளைத் தன் வீட்டு வாசலில் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

முக்கியமாக, 'இது யாருடையது?' என்ற கேள்வி. லியோபோல்டு ஓரிடத்தில் வேடிக்கையாகச் சொல்கிறார்: பதிவுப் புஸ்தகத்தின்படி தன் சொத்து 120 ஏக்கர்; ஆனால் அந்தக் குமாஸ்தா காலை ஒன்பது மணிக்கு முன்னால் புஸ்தகத்தைத் திறக்கமாட்டான்; விடியற்காலையில் கால் போகும் தூரமெல்லாம் தன்னுடையதே என்று. உடைமையைக் கேலி செய்ய அவரால் முடிகிறது. 3,500 ஏக்கரும் நாஷ் மாளிகையும் உள்ளவர்களுக்கு அந்தக் கேலி சுலபமாக வராது. நெப் பரிசோதனை நடப்பதற்கு ஒரே குடும்பத்தின் கையில் அவ்வளவு பெரிய நிலம் சிதறாமல் இருநூறு வருஷம் இருந்திருக்க வேண்டியிருந்தது. நைட்டிங்கேலுக்கு அதனால் லாபம். அந்த இருநூறு வருஷத்தில் அந்த நிலத்தை உழுதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் புத்தகம் இன்னும் கனம் பெற்றிருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குறைகளுக்காக 'வைல்டிங்'கைத் தள்ளிவிடக்கூடாது. வேலை நடந்திருக்கிறது. பணக்காரர்கள் நிலத்தை வைத்துக்கொண்டு செய்கிற காரியங்களை நாம் அறிவோம். அவற்றோடு பார்க்கும்போது, நஷ்டப்பட்டு, ஊர் வசவையும் கேட்டுக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நிலத்துக்கு வழிவிட்டவர்கள் அபூர்வம். தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் செய்கிறார்கள்.

புத்தகம் வெளிவந்த பிறகு 2020ல் நெப்பில் ஓர் ஓக் மரத்தின் உச்சியில் வெண்நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. நம் பழைய பாட்டில் தூது போன செங்கால் நாரை இதுதான் என்று பறவை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. பிரிட்டனில் அது கடைசியாகக் கூடு கட்டியதாகப் பதிவாகியிருப்பது 1416ல், எடின்பரோவில் ஒரு மாதா கோயிலின் மேல். நெப்புக்குச் சற்றுத் தூரத்தில் உள்ள ஸ்டாரிங்டன் என்ற ஊரின் பெயருக்கே நாரையூர் என்று அர்த்தமாம். பறவைகள் தாமாக வந்துவிடவில்லை. போலந்திலிருந்து, அடிபட்டுப் பறக்க முடியாத நாரைகளைக் கொண்டுவந்து, வேலிக்குள் வைத்து, பறக்கிறவை அவற்றைத் தேடி வரும்படி செய்தார்கள். 2023ல் கணவனும் மனைவியும் சேர்ந்து 'தி புக் ஆஃப் வைல்டிங்' என்ற தடித்த கையேடு ஒன்றும் வெளியிட்டிருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்பது அதில் விவரமாக இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது மூன்றாவதாக ஒரு புத்தகம்: வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முட்செடியைப் பார்த்த கிழவரையும், மாடுகள் விற்றுப்போன அன்று வீட்டுக்கு நடந்துபோன பால்காரனையும் பேசவிட்டு எழுதுகிற புத்தகம். இந்த அம்மாள் நினைத்தால் எழுத முடியும். எழுதினால் வெளிவந்த வாரமே வாங்கிப் படித்துவிடுவேன்.